வீட்டுப் பத்திரம் இல்லாமல் தொழில் கடன்: அரசு உத்தரவாதம் யாருக்கு?

கேள்வி: திருப்பூரில் வாடகைக் கட்டடத்தில் 16 பவர் டேபிள் போட்டு பனியன் ஜாப் ஒர்க் செய்கிறேன். ஆறு ஆண்டாகிறது. உத்யம் என்ற சிறுதொழில் பதிவு, ஜி.எஸ்.டி. எல்லாம் என் பெயரில். கட்டிங்கைக் கணவர் பார்த்துக்கொள்கிறார். ஆண்டுக்கு 80 லட்சம் ரூபாய் வரை வேலை நடக்கிறது. அதில் 45 லட்சம் அளவுதான் வங்கிக் கணக்கு வழியாக வருகிறது. மீதி ரொக்கமாக வந்து சனிக்கிழமை சம்பளத்திலேயே கரைந்துவிடும். புதிதாக ஓவர்லாக், பேட்லாக் மெஷின்கள் வாங்க 18 லட்சமும், அன்றாடத் தொழில் செலவுக்கான நடைமுறை மூலதனமாக 10 லட்சமும் கேட்டு வங்கிக்குப் போனேன். மாமியார் பெயரில் உள்ள வீட்டுப் பத்திரத்தையும், அரசு வேலையில் இருக்கும் என் அண்ணனின் ஜாமீனையும் மேலாளர் கேட்கிறார். ஆனால் ஏஜென்ட் ஒருவர், "அரசாங்கமே கியாரண்டி தரும் திட்டம் இருக்கிறது, பத்திரம் வேண்டாம். தொழில் படுத்துவிட்டால் அரசாங்கம் கட்டிவிடும், உங்களுக்குப் பாதிப்பில்லை. 3 சதவீதம் கமிஷன் கொடுங்கள்" என்கிறார். இரண்டு பேரில் யார் சொல்வது சரி? மாமியாரின் வீட்டை வைக்க எனக்கு மனமில்லை. - வாசகி, திருப்பூர்.

அன்புள்ள சகோதரிக்கு,

ஏஜென்ட் சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதியை நம்பி மீதியையும் நம்பிவிடுவதுதான் ஆபத்து. மேலாளர் கேட்டதிலும் ஒரு பகுதிக்கு நீங்கள் சம்மதிக்க வேண்டிய அவசியமில்லை. வங்கியில் சிறுதொழில் கடன் பிரிவில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில், மேசைக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

நீங்கள் கேள்விப்பட்ட திட்டத்தை வங்கிகளில் சி.ஜி.டி.எம்.எஸ்.இ. என்பார்கள். குறு, சிறு தொழில்களுக்கான கடன் உத்தரவாத நிதி அறக்கட்டளை என்பது அதன் முழுப்பெயர். மத்திய அரசும், சிறுதொழில் வளர்ச்சி வங்கியான சிட்பியும் சேர்ந்து 2000ஆம் ஆண்டு தொடங்கியது. நிதியில் ஐந்தில் நான்கு பங்கு அரசுடையது, ஒரு பங்கு சிட்பியுடையது. ஈடாக வைக்கச் சொத்தில்லாத சிறுதொழில்காரருக்கு வங்கி கடன் கொடுத்து, அது வாராக்கடனாகிவிட்டால், வங்கிக்கு வரும் இழப்பில் பெரும்பகுதியை இந்த அறக்கட்டளை வங்கிக்குக் கொடுக்கும். ஆரம்பத்தில் சில லட்சங்களுக்கு மட்டும் இருந்த வரம்பு படிப்படியாக உயர்ந்து 2023இல் 5 கோடி, 2025 ஏப்ரலில் 10 கோடி என்று வந்து நிற்கிறது. உங்கள் 28 லட்சம் தாராளமாக இதற்குள் அடங்கும்.

மேலே "வங்கிக்கு" என்று எழுதியிருப்பதைக் கவனியுங்கள். உத்தரவாதம் வங்கிக்குத்தான், உங்களுக்கு இல்லை. ஊரில் ஒருவர் வாங்கும் கடனுக்கு மாமா ஜாமீன் போட்டால், கடன்காரர் கட்டாதபோது மாமா கட்டுவார். ஆனால் கட்டிய மறுநாளே மருமகன் வீட்டு வாசலில் வந்து நிற்பார். இங்கும் அதேதான். அறக்கட்டளை பணம் கொடுத்தது என்பதற்காக உங்கள் கடன் தீராது. வங்கி உங்களிடம் வசூலித்துக்கொண்டேதான் இருக்க வேண்டும், வசூலானதில் அறக்கட்டளையின் பங்கை அதற்குத் திருப்பிச் செலுத்தவும் வேண்டும்.

உங்கள் கடனை வைத்தே பார்ப்போம். சில ஆண்டுகள் கட்டிய பிறகு, 10 லட்சம் பாக்கி இருக்கும்போது தொழில் நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். தவணை 90 நாளுக்கு மேல் நிலுவையானதும் கணக்கு வாராக்கடனாகும். வங்கி நோட்டீஸ் அனுப்பும், மெஷின்களை எடுக்கப் பார்க்கும், சிறு தொகைகள் தவிர மற்றவற்றுக்குச் சட்ட நடவடிக்கையும் தொடங்கும். அதற்குப் பிறகுதான் அறக்கட்டளையிடம் கிளெய்ம் கேட்க முடியும். பெண்கள் நடத்தும் தொழிலுக்கு 90 சதவீத உத்தரவாதம் என்பதால் 9 லட்சம் வங்கிக்கு வர வேண்டும். அதிலும் முதல் தவணையாக 75 சதவீதம், அதாவது 6.75 லட்சம்தான் வரும். மீதி, வசூல் நடவடிக்கையெல்லாம் ஓய்ந்த பிறகு. இவ்வளவும் நடக்கும்போது உங்கள் பெயரில் 10 லட்சமும் வட்டியும் அப்படியே நிற்கும். சிபில் என்ற கடன் மதிப்பெண் கெடும். வேறெந்த வங்கியிலும் கடன் கிடைக்காது. தனி உரிமையாளர் தொழில் என்பதால், நீதிமன்றத் தீர்ப்பு வந்தால் உங்கள் சொந்தப் பெயரில் இருக்கும் சொத்தைத் தொட முடியும். ஆனால் மாமியார் வீட்டைத் தொட முடியாது. அவர் கடனிலும் இல்லை, ஜாமீனிலும் இல்லை. இந்தத் திட்டம் உங்கள் குடும்பத்துக்குத் தரும் உண்மையான பாதுகாப்பு இதுதான். இது சின்ன விஷயமில்லை.

இனி, மேலாளர் கேட்டது. சிறுதொழில்களுக்கு 10 லட்சம் வரையிலான கடனுக்குச் சொத்து ஈடு கேட்கவே கூடாது என்று ரிசர்வ் வங்கி 2010இல் உத்தரவிட்டது. கடன் வரலாறும் நிதிநிலையும் நன்றாக இருந்தால் 25 லட்சம் வரைகூட ஈடு இல்லாமல் கொடுக்கலாம் என்றும் சொன்னது. நீங்கள் கேட்பது 28 லட்சம். ஆகவே "ஈடு கேட்பது சட்டவிரோதம்" என்று மேலாளரிடம் வாதாடாதீர்கள், அது எடுபடாது. இந்தத் தொகைக்கு உத்தரவாதத் திட்டத்தில் கொடுப்பதா, சொத்து அடமானத்தில் கொடுப்பதா என்பது வங்கியின் முடிவு. நீங்கள் செய்ய வேண்டியது, "சி.ஜி.டி.எம்.எஸ்.இ.யில் போட்டுக் கொடுங்கள்" என்று விண்ணப்பத்திலேயே எழுத்தில் கேட்பது.

ஆனால் ஒன்றில் உறுதியாக இருங்கள். கடன் இந்தத் திட்டத்தில் போனால், அண்ணனின் ஜாமீனைக் கேட்கக் கூடாது. வெளியாள் ஜாமீன் இல்லாத கடனுக்குத்தான் இந்த உத்தரவாதம். உரிமையாளர் என்ற முறையில் உங்கள் சொந்தப் பொறுப்பை எழுதி வாங்கலாம். கடனில் வாங்கும் மெஷின், சரக்கு ஆகியவை வங்கிக்கு ஈடாக இருக்கும். அவ்வளவுதான். பகுதி ஈடு, பகுதி உத்தரவாதம் என்ற கலப்பு முறையும் 2018 முதல் உண்டு. 28 லட்சத்தில் 10 லட்சத்துக்குச் சொத்து வைத்து, மீதி 18 லட்சத்துக்கு உத்தரவாதம் வாங்கலாம். ஆனால் உத்தரவாதம் வாங்கிய அந்தப் பகுதிக்கும் சேர்த்துச் சொத்தைப் பிடித்து வைக்க முடியாது.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. என்னிடம் ஆலோசனைக்கு வருபவர்களின் கணக்கு அறிக்கையைப் புரட்டும்போது, சிலருக்கு ஆண்டுதோறும் உத்தரவாதக் கட்டணம் பிடித்திருப்பதும் தெரியும், அதே கடனுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் எம்.ஓ.டி., அதாவது பத்திரத்தை ஒப்படைத்த அடமானப் பதிவு, போட்டிருப்பதும் வில்லங்கச் சான்றில் தெரியும். அவர்களுக்கு இரண்டும் ஏன் என்று கேட்கத் தோன்றியதே இல்லை. முழுக் கடனுக்கும் கட்டணம், முழுக் கடனுக்கும் பத்திரம் என்று இருந்தால் அது தவறு. எழுத்தில் விளக்கம் கேட்க வேண்டும். நாளை கிளெய்ம் வந்தால் அறக்கட்டளை நிராகரிக்கவும் அதுவே போதும்.

கட்டணம் பற்றி எழுதிவிடுகிறேன். 2023 ஏப்ரலில் குறைத்த அட்டவணைப்படி, 10 லட்சத்துக்கு மேல் 50 லட்சம் வரையிலான கடனுக்கு ஆண்டுக்கு 0.55 சதவீதம் அடிப்படைக் கட்டணம். உங்கள் 28 லட்சத்துக்கு முதல் ஆண்டு 15,400 ரூபாய். பெண் தொழில்முனைவோருக்கு 10 சதவீதச் சலுகை உண்டு, ஆக 13,860. இதற்கு மேல் ஜி.எஸ்.டி. வங்கியின் வாராக்கடன் நிலவரத்தைப் பொறுத்துக் கொஞ்சம் கூடும், குறையும். அடுத்தடுத்த ஆண்டுகளில் பாக்கிக்கு ஏற்பக் கட்டணமும் இறங்கும். பெரும்பாலும் இதைக் கடன் வாங்குபவர் தலையில்தான் வைப்பார்கள். சில வங்கிகள் தாங்களே ஏற்பதும் உண்டு, கேட்டுப் பாருங்கள்.

ஏஜென்ட் கேட்கும் 3 சதவீதம் என்பது 84,000 ரூபாய். இந்தத் திட்டத்தில் ஏஜென்ட் என்ற ஆளுக்கு இடமே இல்லை. நீங்களே நேராக அறக்கட்டளைக்கு விண்ணப்பிக்க முடியாது. வங்கி கடனை அனுமதித்த பிறகு, வங்கிதான் அதன் இணையதளத்தில் பதிவு செய்து உத்தரவாதம் வாங்கும். அங்கே ஏஜென்ட் செய்ய ஒரு வேலையும் கிடையாது. முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். வெற்றுத் தாளிலோ வெற்றுக் காசோலையிலோ கையெழுத்துக் கேட்டால், தயவுசெய்து அந்த மனிதரைத் திரும்பச் சந்திக்கவே வேண்டாம்.

"அரசாங்கம் கட்டிவிடும்" என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரிகிறது. 2020இல் கொரோனா ஊரடங்கின்போது வந்த அவசரக்காலக் கடன் திட்டத்தைத் திருப்பூரில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2020 பிப்ரவரி 29 அன்று இருந்த கடன் பாக்கியில் 20 சதவீதத்தைக் கூடுதலாக, புதிய ஈடு எதுவும் இல்லாமல், உத்தரவாதக் கட்டணமும் இல்லாமல் கொடுத்தார்கள். எப்போதும் நாம் போய் நிற்கும் வங்கி, அந்தச் சமயம் தானே போன் செய்து கூப்பிட்டது. ஏனென்றால் அந்தக் கடனுக்கு 100 சதவீத உத்தரவாதம். இழப்பு வந்தாலும் வங்கியின் கையிலிருந்து ஒரு ரூபாய் போகாது. அதையும் அசலும் வட்டியுமாகத் திருப்பிக் கட்டத்தான் வேண்டியிருந்தது. ஆனாலும் அந்த அனுபவம், அரசு உத்தரவாதம் என்றால் அரசே கொடுக்கும் பணம் என்ற எண்ணத்தைப் பலரிடம் விட்டுச் சென்றுவிட்டது.

அப்படியானால் எல்லாக் கடனுக்கும் 100 சதவீதம் கொடுத்துவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். நான் அதை ஆதரிக்க மாட்டேன். நெருக்கடிக்கு அது சரி. சாதாரண நாளில், தன் பணமும் கொஞ்சம் போகும் என்ற பயம் இருந்தால்தான் வங்கி உங்கள் தொழிலை ஒழுங்காகப் பார்க்கும். பொதுவாக 75 சதவீதம், 5 லட்சம் வரையிலான குறுந்தொழில் கடனுக்கு 85, பெண்களுக்கு 90 என்று வைத்து, மீதியை வங்கியின் தலையில் விட்டிருப்பதன் நோக்கம் அதுதான். தமிழ்நாடு அரசும் 2022இல் இந்த அறக்கட்டளையோடு சேர்ந்து மாநிலத்துக்கென ஓர் உத்தரவாதத் திட்டத்தைத் தொடங்கி, 40 லட்சம் வரையிலான கடனுக்கு 90 சதவீதம் வரை பாதுகாப்பைக் கூட்டியது. அங்கும் கடைசிப் பத்து சதவீதம் வங்கிக்குத்தான்.

நம் நாட்டில் இதற்கு ஒரு பழைய பாடமும் இருக்கிறது. சிறுதொழில் கடனுக்கு உத்தரவாதம் தருவதை மத்திய அரசு 1960இலேயே தொடங்கி, நடத்தும் பொறுப்பை ரிசர்வ் வங்கியிடம் கொடுத்தது. பிறகு அந்த வேலை டெபாசிட் காப்பீட்டுக் கழகத்தின் கைக்குப் போனது. இன்றும் அதன் முழுப்பெயரில் "கடன் உத்தரவாதம்" ஒட்டிக்கொண்டிருக்கிறது. கிளெய்ம்கள் குவிந்தன, கட்டணத்தை ஏற்றினார்கள், வங்கிகள் ஒவ்வொன்றாக விலகின. 2003இல் அதை முழுவதுமாக நிறுத்திவிட்டார்கள். உத்தரவாத நிதி வற்றினால் அடுத்து வரும் சிறுதொழில்காரருக்கு அது இருக்காது. கட்டாவிட்டால் பரவாயில்லை என்று ஏஜென்ட்டுகள் பேசித் திரிவது எனக்குக் கோபம் வரவைப்பது இதனால்தான்.

சரி, மேலாளர் ஏன் பத்திரத்தையே பிடித்துக்கொண்டு நிற்கிறார்? உத்தரவாதம் வாங்கும் பகுதிக்கு வங்கி தன் மூலதனத்தை ஒதுக்கி வைக்க வேண்டியதில்லை. வாராக்கடனானால் அந்தப் பகுதிக்கு லாபத்திலிருந்து தனியாக எடுத்து வைக்கவும் வேண்டியதில்லை. கிளை ஊழியர்களின் பணி மதிப்பீட்டில் இந்தத் திட்டத்தில் எவ்வளவு கடன் கொடுத்தார்கள் என்பதையும் சேர்க்கச் சொல்லி ரிசர்வ் வங்கியே அறிவுறுத்தியிருக்கிறது. இவ்வளவு இருந்தும் தயக்கம் வருவது தனிமனிதப் பயத்தால். கணக்கு கெட்டால் முதலில் விளக்கம் கேட்பது கடன் கொடுத்த அதிகாரியிடம்தான். நிறுவனத்தை நேரில் பார்த்தாயா, சிபில் எடுத்தாயா, பணம் நேராக மெஷின் விற்றவருக்குப் போனதா என்று ஒவ்வொன்றாகத் தோண்டுவார்கள். அதில் ஓட்டை இருந்தால் கிளெய்மும் போகும், அவர் பதவி உயர்வும் போகும். பத்திரம் இருந்தால் அவருக்கு இரவில் தூக்கம் வரும். பத்திரத்துக்குப் பதிலாக அந்த நிம்மதியை உங்கள் காகிதங்களால் கொடுக்க முடியுமா என்பதுதான் கேள்வி.

உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்த இடம் மாமியார் வீடு இல்லை. 80 லட்சம் வேலையில் 45 லட்சம்தான் கணக்கில் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான். சிறுதொழில்களுக்கு நடைமுறை மூலதனம் கணக்கிட வங்கிகள் நாயக் கமிட்டி முறையைப் பின்பற்றும். எதிர்பார்க்கும் ஆண்டு விற்றுமுதலில் 20 சதவீதத்தை வங்கி கொடுக்கும், 5 சதவீதத்தை நீங்கள் போட வேண்டும். 80 லட்சத்துக்கு 16 லட்சம் வரும். 45 லட்சத்துக்கு 9 லட்சம்தான். நீங்கள் கேட்பது 10. வேலை உண்மையில் நடக்கிறது, மெஷின் ஓடுகிறது, ஆனால் காகிதத்தில் நீங்கள் பாதித் தொழில்தான் செய்கிறீர்கள். காகிதத்தில் இல்லாத தொழிலுக்கு எந்த அரசும் உத்தரவாதம் தராது.

மேலாளர் மனதுக்குள் போடும் கணக்கு இப்படித்தான் இருக்கும். 18 லட்சத்தை 5 ஆண்டில், வட்டி 10.5 சதவீதம் என்று வைத்தால், மாதத் தவணை 38,700 ரூபாய் அளவில் வரும். நடைமுறை மூலதனம் 10 லட்சத்தை முழுவதும் எடுத்தால் மாத வட்டி 8,750. இரண்டும் சேர்ந்து 47,500க்குப் பக்கம். தவணையைப் போல ஒன்றரை மடங்காவது மிஞ்ச வேண்டும் என்று வங்கி எதிர்பார்க்கும். அதாவது சம்பளம், வாடகை, கரண்ட், நூல், வீட்டுச் செலவு எல்லாம் போக மாதம் 71,000 ரூபாய்க்கு மேல் கையில் நிற்க வேண்டும், அது கணக்கு அறிக்கையில் தெரியவும் வேண்டும். இந்தக் கணக்கை வங்கிக்குப் போகும் முன் நீங்களே ஒரு நோட்டில் போட்டுப் பாருங்கள். 40,000தான் நிற்கிறது என்றால், இப்போது 28 லட்சம் வேண்டாம். நான்கைந்து மெஷினோடு தொடங்குங்கள். உத்தரவாதம் கிடைத்தாலும் தவணை கட்டப்போவது நீங்கள்தான்.

அதனால் இன்றிலிருந்தே வேலை தரும் கம்பெனிகளிடம், பணத்தைக் கணக்கில்தான் போட வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். தொழிலாளர் சம்பளத்தையும் முடிந்தவரை கணக்கு வழியாகவே கொடுங்கள். முதலில் முணுமுணுப்பார்கள், அப்புறம் பழகிவிடும். ஜி.எஸ்.டி. ரிட்டர்ன், வருமான வரிக் கணக்கு, வங்கி அறிக்கை மூன்றும் ஒரே கதையைச் சொல்ல வேண்டும். இரண்டு காலாண்டு இப்படி ஓடினாலே உங்கள் முகம் வங்கியில் மாறிவிடும். உங்களுக்கு நிரந்தரமாக வேலை தரும் ஓரிரு கம்பெனிகளிடம் ஆர்டர் கடிதம் வாங்குங்கள். மெஷினுக்குக் கொட்டேஷன், வாடகை ஒப்பந்தம், உத்யம் சான்று எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வையுங்கள். மெஷின் விலை முழுவதையும் வங்கி கொடுக்காது. கால் பங்கு வரை உங்கள் கையிலிருந்து போட வேண்டியிருக்கும், அதற்கும் இப்போதே வழி பாருங்கள்.

உத்யம் பதிவு உங்கள் பெயரிலேயே இருப்பது நல்லது. 90 சதவீத உத்தரவாதமும் கட்டணச் சலுகையும் அதனால்தான். இடையில் யாராவது கணவர் பெயருக்கு மாற்றலாம் என்று யோசனை சொன்னால் கேட்க வேண்டாம்.

இவ்வளவுக்குப் பிறகும் வங்கி மறுத்தால், மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அதைக் கொடுப்பது அவர்கள் கடமை. விண்ணப்பம் கொடுத்த அன்றே ஒப்புகை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒப்புகையும் தராமல் காரணமும் சொல்லாமல் இழுத்தடித்தால் முதலில் வங்கியின் வட்டார அலுவலகத்துக்கு எழுதுங்கள், 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். ஆனால் கடன் கொடுப்பதா இல்லையா என்பது வங்கியின் வணிக முடிவு. அதை மாற்றச் சொல்லிக் குறைதீர்ப்பாளரிடம் கேட்க முடியாது. அதில் நாளைக் கழிப்பதைவிட, அதே கோப்போடு இன்னொரு வங்கிக்குப் போவது மேல். ஒரு கிளை மறுத்ததை அடுத்த தெருக் கிளை கொடுப்பது சாதாரணமாக நடக்கிறது.

கடன் அனுமதியானால் அனுமதிக் கடிதத்தின் நகலைக் கேட்டு வாங்கி, கையெழுத்துப் போடும் முன் வீட்டுக்குக் கொண்டுவந்து படியுங்கள். அதில் ஈடு என்று ஒரு பகுதி இருக்கும். முதன்மை ஈடு என்ற இடத்தில் மெஷினும் சரக்கும் இருக்கலாம். கூடுதல் ஈடு என்ற இடத்தில் "இல்லை, சி.ஜி.டி.எம்.எஸ்.இ. உத்தரவாதம்" என்று இருக்க வேண்டும். ஜாமீன்தாரர் பகுதியில் அண்ணன் பெயர் இருக்கக் கூடாது. அங்கே வேறு ஏதாவது எழுதியிருந்தால், திருத்திக் கொடுக்கச் சொல்லிவிட்டு அதற்குப் பிறகு கையெழுத்துப் போடுங்கள்.